ஓட்ட வீரர் அபேபே பிகிலா

1964ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. எத்தியோப்பிய நாட்டின் நெடுந்தூர ஓட்ட வீரர் அபேபே பிகிலா, பயிற்சிக் காலத்தில் கடுமையான வயிற்று வலியால் துடித்தார். அவரைச் சோதித்த மருத்துவர்கள் குடல்வால் அழற்சி எனக் கண்டறிந்தனர். செப்டம்பர் 16ஆம் நாள் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மராத்தான் ஓட்டமோ அக்டோபர் 21ஆம் நாள். இடையில் இருந்தவை 35 நாள்கள் மட்டுமே.

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை வரை ஓடி, அதற்கு மேலும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். நல்ல உடல்நலம் உள்ளவரையே களைக்க வைக்கும் இத்தூரத்தை, வயிற்றில் போட்ட தையலின் தழும்பு முற்றிலும் ஆறுவதற்கு முன்பே ஒருவரால் ஓட முடியுமா?

அபேபே பிகிலா 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஜாத்தோ என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் ஆடுமாடு மேய்த்தார். இளைஞரானதும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குச் சென்று, பேரரசரின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். நம் மாநிலத்தின் அங்சி மலை ஏறத்தாழ 825 மீட்டர் உயரமுடையது. அடிஸ் அபாபா நகரமோ கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் குறைவு. அத்தகைய இடத்தில் நாள்தோறும் ஓடிப் பழகியவரின் இதயமும் நுரையீரலும் வலுப்பெறுகின்றன. சுவீடனைச் சேர்ந்த ஒன்னி நிஸ்கானென் அவருக்குப் பயிற்சியாளராக அமைந்தார்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பிகிலாவை அறிந்தவர் மிகச் சிலரே. அங்குக் கிடைத்த காலணிகள் அவருக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலோடு பயிற்சி செய்து பழகியிருந்ததால் போட்டியிலும் அவ்வாறே ஓடினார். இருள் சூழ்ந்த வேளையில், பழைமையான கான்ஸ்டன்டைன் வளைவின் அருகே முதலாவதாக ஓடி முடித்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடி. அதுவரை உலகில் எவரும் மராத்தானை அவ்வளவு விரைவாக ஓடி முடித்ததில்லை. எத்தியோப்பியாவை 1936 முதல் 1941 வரை தன் பிடியில் வைத்திருந்த இத்தாலி நாட்டின் தலைநகரிலேயே அவர் வென்றதால், அவ்வெற்றியை எத்தியோப்பிய மக்கள் தங்கள் நாட்டின் வெற்றியாகவே கொண்டாடினர்.

அத்தகைய வீரர்தாம் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தார். சில நாள்களிலேயே எழுந்து நடந்தார். செப்டம்பர் மாதம் முடிவதற்குள் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார்.

நோயிலிருந்தோ காயத்திலிருந்தோ மீளும் ஓட்டக்காரர் எவரும் தம் உடலைப் படிப்படியாகவே சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் நடை, அதில் வலி இல்லையென்றால் மெதுவோட்டம், அதன் பின்னரே வேகம். ஓடும்போது வலிக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. மறுநாள் காலையில் எழும்போது உடல் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் பள்ளிக் குறுக்கோட்டப் போட்டிக்காகப் பயிற்சி செய்யும் மாணவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டாலும் இதே முறைதான். தசைக்களைப்பு ஓய்வெடுத்தால் நீங்கிவிடும். ஒரே இடத்தில் விடாமல் குத்தும் வலியோ நிற்கச் சொல்லும் எச்சரிக்கை. இவ்விரண்டையும் பிரித்தறிவது பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

தோக்கியோவில் பிகிலா இம்முறை காலணி அணிந்து ஓடினார். தொடக்கத்தில் அவர் அவசரப்படவில்லை; முன்னால் விரைந்தவர்களை ஓடவிட்டார். தம் உடல் ஒத்துழைக்கிறது என்று தெரிந்ததைப் போலச் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டினார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் முதலிடத்திற்கு வந்தார். அதன் பிறகு அவரை எவராலும் நெருங்க முடியவில்லை. விளையாட்டரங்கினுள் அவர் தனியாகவே ஓடி வந்தார். நேரம் 2 மணி 12 நிமிடம் 11.2 வினாடி; மீண்டும் ஓர் உலகச் சாதனை. இரண்டாவதாக வந்த இங்கிலாந்து வீரர் பேசில் ஹீட்லி அவருக்கு நான்கு நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ஓட்டம் முடிந்ததும் பிகிலா புல்தரையில் உடற்பயிற்சி செய்யத் தொடங்கியதைக் கண்டு மக்கள் வியந்தனர். மலேசியா என்னும் பெயரில் நம் நாடு முதன்முதலாகப் பங்கேற்ற ஒலிம்பிக்கும் அதுவே. நம் ஓட்ட வீரர் மணி ஜெகதீசன் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை முன்னேறியதும் அதே போட்டியில்தான்.

ஆனால், எல்லாக் காயங்களும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிற்கு முன்பு பிகிலாவின் இடக்கால் எலும்பில் விரிசல் ஏற்பட்டிருந்தது. வயிற்றுத் தழும்பு ஓட்டத்தைத் தாங்கியது. விரிசல் கண்ட காலோ ஒவ்வோர் அடியிலும் உடலின் சுமையைத் தாங்க வேண்டும். பிகிலா போட்டியில் இறங்கினார். எனினும், பாதித் தூரத்தை எட்டுவதற்கு முன்பே ஓட்டத்திலிருந்து விலகினார். இரண்டு தங்கப் பதக்கம் வென்ற வீரருக்கு உலகமே பார்க்க வழியில் நிற்பது எளிதன்று. ஆயினும், கால் இடம் கொடுக்கவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய நாட்டவரான மாமோ வோல்டே அப்போட்டியில் தங்கம் வென்றார்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய சோதனை வந்தது. 1969ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஓரிரவில் பிகிலா ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டதால் அவர் கால்கள் செயலிழந்தன. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றார். இனி ஓட முடியாது என்பது உறுதியாயிற்று. இம்முறை அவர் தம் கைகளின் வலிமையைச் சோதிக்கத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு வில்வித்தையும் மேசைப்பந்தும் கற்று, உடற்குறையுற்றோருக்கான போட்டிகளில் கலந்துகொண்டார். பின்னர் நார்வே நாட்டில் நடந்த 25 கிலோமீட்டர் பனிவண்டிப் போட்டியில் வெற்றியும் பெற்றார்.

1973ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் பிகிலா காலமானார். அப்போது அவருக்கு வயது 41. பேரரசர் ஹைலி செலாசி நாடு முழுவதும் துக்கம் அனுசரிக்க ஆணையிட்டார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரக்கணக்கான மக்கள் திரண்டனர்.

ஒலிம்பிக் மராத்தானில் இரண்டு முறை தங்கம் வென்ற ஆடவர் இதுவரை மூவரே. அம்மூவருள் முதலாமவர் அபேபே பிகிலா. அறுவைச் சிகிச்சை முடிந்த 35ஆம் நாளில் ஓடி வென்றவரும் அவர் ஒருவரே.