இதய மருந்துகளை எடைபோட்ட இப்னு சீனா

இஸ்லாமிய உலகு ஈன்றெடுத்த மாமேதைகளுள் அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு சீனா தனியிடம் பெற்றவர். மேற்குலகம் அவரை அவிசென்னா என்று அழைக்கின்றது. மூலிகை என்றாலே தீங்கில்லாதது என நம்பிவிடும் எமக்கு, அவரது வாழ்வும் மரணமும் நல்லதொரு பாடமாகும்.

கி.பி. 980இல் புகாராவுக்கு அண்மையிலுள்ள அஃப்ஷனா எனும் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை அப்துல்லாஹ் ஸாமானிய அரசின் அதிகாரி. 10 வயதிலேயே அல்குர்ஆனைக் கற்று முடித்த சிறுவன், பின்னர் தர்க்கமும் கணிதமும் பயின்று மருத்துவத்தின்பால் திரும்பினான். விடை புலப்படாத வினா குறுக்கிட்டால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அல்லாஹ்விடம் இறைஞ்சுவது அவரது வழக்கம். இரவில் விளக்கருகே அமர்ந்து மீண்டும் வாசிப்பார்.

உயர்தரம் கற்கும் எமது வயதில், ஏறத்தாழ 17 வயதில், புகாராவின் ஆட்சியாளர் நூஹ் இப்னு மன்ஸூரின் நோய்க்குச் சிகிச்சையளிக்க அவர் அழைக்கப்பட்டார். அதன் பயனாக அரச நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பெற்றார்.

தந்தையின் மறைவும் அரசியல் குழப்பங்களும் அவரை ஊர் ஊராக அலைய வைத்தன. குர்கான்ஜ், ஜுர்ஜான், ரய் எனப் பயணித்து ஹமதானை அடைந்தார். அங்கு ஆட்சியாளர் ஷம்ஸுத் தௌலாவின் வயிற்று நோயைக் குணப்படுத்தி, அமைச்சருமானார். பகலில் அரச பணி. இரவில் மாணவர்களுடன் நூற்பணி. சிறைவாசமும் அவரது எழுதுகோலை நிறுத்தவில்லை.

ஹமதானுக்கு வந்த புதிதில் அவர் எழுதிய நூலே ‘அல்அத்வியதுல் கல்பிய்யா’, அதாவது இதயத்துக்கான மருந்துகள். குங்குமப்பூ, ரோஜா முதலியவற்றின் குணங்களை அதில் ஆராய்ந்தார். மனத்தின் மகிழ்ச்சியையும் கவலையையும் இதயத்தின் நிலையோடு தொடர்புபடுத்தினார். ஐந்து பாகங்களைக் கொண்ட ‘அல்கானூன்’ என்ற பெருநூலில் நாடித்துடிப்பை விரிவாக விளக்கினார். நாடி விரிவதும் சுருங்குவதும், அவற்றுக்கிடையிலான இரு ஓய்வுகளும் சேர்ந்ததே ஒரு துடிப்பு என்றார்.

மருந்தைச் சோதிப்பதற்கு அந்நூலில் அவர் வகுத்த விதிகளே எம்மை வியக்க வைப்பவை. மருந்து கலப்பற்றதாக இருத்தல் வேண்டும். பல நோய்கள் கலந்த நிலையிலன்றி, தனியொரு நோயில் அது சோதிக்கப்பட வேண்டும். அதன் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாக அமைய வேண்டும். பலன் ஒருமுறையன்றித் தொடர்ந்து தென்பட வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட பலன் மனிதனுக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. நாடிகளில் கொழுப்புப் படிந்து ஏற்படும் அடைப்புக்கு இன்று மூலிகைகளில் மருந்து தேடுவோரும், மூலிகையிலுள்ள பதார்த்தத்தைப் பிரித்தெடுத்து, அளவை நிர்ணயித்து, இறுதியில் மனிதரிலேயே சோதிக்கின்றனர்.

இஸ்பஹானில் வாழ்ந்த இறுதிக் காலத்தில் கடும் வயிற்று வலி அவரைப் பீடித்தது. தனக்கான மருந்தில் இரண்டு தானக் எடையுள்ள செலரி விதையைச் சேர்க்கும்படி கூறினார். மருத்துவர் ஒருவரோ ஐந்து திர்ஹம் எடையைச் சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹம் ஆறு தானக். ஆகவே அது 15 மடங்கு. பணியாளர்களும் வேறொரு மருந்தில் அபினை மிகுதியாகக் கலந்தனர். இவற்றை அவரது மாணவர் அல்ஜூஸ்ஜானி பதிவு செய்துள்ளார். மருந்தால் இனிப் பயனில்லை என உணர்ந்ததும் தவ்பாச் செய்து, செல்வத்தை ஸதகாவாகக் கொடுத்து, அடிமைகளை விடுதலை செய்தார். ஹிஜ்ரி 428 ரமழானில், கி.பி. 1037இல், ஹமதானில் இறையடி சேர்ந்தார்.

அல்கானூன் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. எமது நாட்டில் கற்பிக்கப்படும் யூனானி மருத்துவத்துக்கும் அதுவே ஆதாரம். வீட்டில் எவரேனும் இதய நோய்க்குக் கேள்விப்பட்ட மூலிகையை அவித்துக் குடிக்க முனையும்போது, சோதிக்கப்பட்டதா, எவ்வளவு எனக் கேட்போம். இப்னு சீனா கேட்கச் சொன்னதும் அதையே.