வடுவூர் துரைசாமி ஐயங்கார்

தஞ்சைத் தரணியில் மன்னார்குடிக்கு அணித்தே உள்ளது வடுவூர். கோதண்டராமர் திருக்கோயிலும், பருவந்தோறும் பறவைகள் வந்திறங்கும் பேரேரியும் உடைய ஊர் அது. இவ்வூர்ப் பெயரைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் பரவச் செய்தவர் 1880ஆம் ஆண்டு பிறந்த துரைசாமி ஐயங்கார் ஆவார். வடுவூரார் என்றால் துப்பறியும் கதை, துப்பறியும் கதை என்றால் வடுவூரார் என்று நம் பாட்டனார் காலத்தவர் கருதிய ஒரு நாள் இருந்தது.

ஆங்கிலக் கல்வி பெற்ற துரைசாமி ஐயங்கார் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து தாசில்தாராகப் பணிபுரிந்தார். அந்நாளில் தாசில் உத்தியோகம் என்பது எத்தகையது என்பதை இக்காலத்து இளைஞர்க்குச் சற்றே விளக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் தாசில்தாருக்கு நிலவரி தண்டும் பொறுப்போடு சிறு வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டு அதிகாரமும் இருந்தது. டவாலி போட்ட சேவகர் முன்னே செல்ல, கிராம முன்சீபும் கர்ணமும் கைகட்டி நிற்க, ஒரு தாலுகா முழுவதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கும். இத்தகைய பதவியை, கதை எழுதுவதற்காக ஒருவர் துறந்தார் என்றால், மாதச் சம்பளத்தையும் இன்கிரிமெண்டையும் நம்பிக் குடும்பம் நடத்தும் நம் போன்ற ரயில்வே ஊழியருக்கு மூச்சே நின்றுவிடும். அவர் துறந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறி, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார்.

குற்றக் கதை எழுதுவோர்க்குக் கதை எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா பழையது. அமெரிக்கராகிய எட்கார் ஆலன் போ 1841இல் இவ்வகைக்கு வித்திட்டார். ஆங்கில நாட்டில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், எடின்பரோவில் மருத்துவம் பயின்றபோது தம் ஆசிரியர் ஜோசப் பெல் என்பாரிடம் கண்ட கூர்மையைத் தம் துப்பறிவாளருக்கு அளித்தார். நோயாளி வாய் திறக்குமுன் அவர் தொழிலையும் வந்த வழியையும் சொல்லிவிடும் ஆற்றல் பெல்லுக்கு இருந்ததாம். வங்காளத்தில் பிரியநாத் முகோபாத்யாய் கல்கத்தாப் போலீசிலேயே பணியாற்றியவர். தாம் கண்ட வழக்குகளைக் கொண்டே 1892 முதல் கதைகள் வெளியிட்டார். தமிழில் பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனின் கதையை இயற்றினார். நாம் இன்று வாழும் இம்மலையாள நாட்டிலும் அவ்விதை விரைவிலேயே முளைத்தது. கொச்சி அரச குடும்பத்தவரான அப்பன் தம்புரான் 1905இல் எழுதிய பாஸ்கர மேனோன் மலையாளத்தின் முதல் துப்பறியும் நாவலாகப் போற்றப்படுகிறது. வடுவூராருக்கு முன்பாகவே ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ் உடையில் உலவவிட்டிருந்தார், ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ராஜாம்பாளைத் தந்திருந்தார்.

அந்நாளைய நாவலாசிரியர் பலருக்கும் ஊற்றாக விளங்கியவர் ஒருவர் உண்டு. அவர் ரெயினால்ட்ஸ். 1814 முதல் 1879 வரை வாழ்ந்த இந்த ஆங்கிலேயர், 1844 முதல் லண்டன் மாநகரத்து மர்மங்களை வாரம் ஒரு பென்னி விலைக்குக் கதையாக்கி விற்றவர். அவர் நாட்டுப் பேரறிஞர்கள் அவரைத் தாழ்வாரத்தில்கூட உட்கார வைக்கவில்லை. இந்தியரோ அவரை நடுவீட்டில் அமர்த்தி உபசரித்தனர். இவ்விடத்தில் நம் இலாகாவின் பெருமை ஒன்றையும் சொல்லாமற் போவதற்கில்லை. 1848இல் லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் டபிள்யூ. எச். ஸ்மித் கம்பெனியார் புத்தகக் கடை திறந்தனர். அதன் பின்னர் ரயில் பிரயாணிக்கென்றே மலிவுப் பதிப்புகள் பெருகலாயின. வண்டி தாமதமாக வருவதாலும் உலகில் சில நன்மைகள் விளைந்திருக்கின்றன.

வடுவூராரும் இந்த ஆங்கிலச் சரக்கைக் கையாண்டவரே. அதனால் அவரை வெறும் தழுவலாசிரியர் என்று தள்ளிவிடுவாரும் உளர். நமக்கு அது உடன்பாடன்று. மேனகாவை எடுத்துக்கொள்வோம். தஞ்சையில் டிப்டி கலெக்டராயிருக்கும் சாம்பசிவ ஐயங்காரின் மகள் மேனகா. அவளுடைய கணவன் வராகசாமி வக்கீல். அவ்வீட்டில் இரு விதவை நாத்தனார்கள். அவர்களுடைய சூழ்ச்சியால் அப்பேதைப் பெண் ஓர் அயலானுக்கு விற்கப்படுகிறாள். கதையின் எலும்பு எந்நாட்டதாயினும் ஆகுக. அந்த நாத்தனார்களை எந்த ஆங்கிலேயன் எழுதியிருக்க முடியும்? டிப்டி கலெக்டரின் வீட்டுப் பேச்சும், உத்தியோக வட்டாரத்துப் பொறாமையும், சீரும் வரிசையும் பற்றிய மனத்தாங்கலும் தாலுகாக் கச்சேரியில் மனுக்களைப் படித்துப் படித்து ஒருவர் அறிந்தவையாகவே நமக்குத் தோன்றுகின்றன. குற்றம் என்பது இருட்டுச் சந்தில் நிகழ்வது என்று மேனாட்டார் எழுதினர். அடுக்களைக்கும் கூடத்திற்கும் நடுவே நிகழ்வது என்று வடுவூரார் எழுதினார். அவளை விலைக்கு வாங்குபவன் முஸ்லிம். அவளைக் காப்பாற்றி அனுப்புபவள் அவன் மனைவியாகிய நூர்ஜஹான். அயல் சமூகத்தாரை வருணிப்பதில் அக்கால ஆசிரியர்க்கு இருந்த குறை வடுவூராருக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்நூர்ஜஹானைப் படைத்த கையும் அவருடையதே.

அவருடைய துப்பறிவாளர் திகம்பர சாமியார். போலீஸ் உடுப்பும் தொப்பியும் இல்லாத ஒரு சாமியாரை இப்பணிக்கு அமர்த்தியது ஏன் என்று நாம் பன்முறை எண்ணியதுண்டு. ஹோம்ஸ் துரை லண்டனில் வாடகை வண்டியில் ஏறி எவ்வீட்டுக் கதவையும் தட்டலாம். நம் நாட்டில் போலீஸ்காரர் தெருவில் நுழைந்தாலே திண்ணையில் இருப்பவர் எழுந்து உள்ளே போய்விடுவர்; யாரும் வாய் திறவார். சாமியார் வந்தாலோ செம்பில் நீர் வரும், தம் குறையும் தாமே வரும். மாறுவேடத்திற்கும் அவ்வேடமே மேல் வேடம். கும்பகோணம் வக்கீலான சட்டநாத பிள்ளையின் கொட்டத்தைச் சாமியார் அடக்கும் கதையில் சட்டம் கற்றவனே குற்றவாளி. அவனுக்குச் சட்டத்தின் சந்து பொந்துகள் யாவும் தெரியும். அத்தகையவனைப் பிடிக்கச் சட்டத்திற்கு வெளியே நிற்கும் ஒரு துறவி தேவைப்பட்டார் போலும்.

மனோரஞ்சனி என்னும் மாத வெளியீட்டின் வாயிலாக அவர் கதைகள் பரவின. மாயா விநோதப் பரதேசி, வசந்தகோகிலம், மதன கல்யாணி, சௌந்தர கோகிலம், பூர்ணசந்திரோதயம், வித்யாசாகரம் எனப் பெயர்களே ஒரு நந்தவனம். சில கதைகள் பல பாகங்களாக நீண்டன. பெரியவர்கள் நாவல் படிப்பதைக் கண்டித்த காலம் அது. எனினும் பகலில் கண்டித்தவரே இரவில் விளக்கைத் தூண்டிக்கொண்டு அடுத்த பாகத்தைத் தேடினர். பள்ளிக்கூடம் போகாத பெண்டிர் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதும் இத்தகைய நூல்களால்தான். அட்டை கிழிந்து, பழுப்புக் காகிதம் போர்த்திய பாகங்கள் சில நம் காலனி வீடுகளில் தகரப் பெட்டிகளின் அடியில் இன்றும் கிடக்கின்றன; மூன்றாம் பாகம் இருக்கும், இரண்டாம் பாகம் இராது.

குறைகளும் கூறத்தக்கன. ஒருவர் பேசத் தொடங்கினால் நாலு பக்கம் முடியுமட்டும் நிறுத்தமாட்டார். தற்செயலாகச் சந்திப்போர் தொகை சித்திரைத் தேர்க் கூட்டத்தை மிஞ்சும். மணிக்கொடி காலத்து எழுத்தாளர்கள் இவ்வகை நாவல்களை இலக்கியமென ஏற்கவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய நியாயம். தமிழ் உரைநடையைப் பல்லாயிரவர்க்குப் பழக்கமாக்கியவர் வரிசையில் இவருக்கும் ஓரிடம் உண்டு என்பது நம் நியாயம்.

வாழ்நாளின் பிற்பகுதியில் அவர் மற்றொரு துப்பறியும் வேலையில் இறங்கினார். இம்முறை துலக்க முற்பட்டது கொலையன்று, வரலாறு. இந்நாட்டு ஆரியர்க்கும் பண்டைய எகிப்து நாட்டிற்கும் தொடர்புண்டு என நிலைநாட்ட முயன்று, லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ் என்னும் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதினார். திகம்பர சாமியார் கையில் சிக்கிய தடயங்கள் போல அவ்வளவு எளிதில் எகிப்து மன்னர்கள் சிக்கவில்லை. நாவலுக்குக் கூடிய கூட்டம் அதற்குக் கூடவில்லை. அறிஞர் உலகமும் அக்கொள்கையை ஏற்கவில்லை.

கதைகளோ ஏட்டை விட்டு மேடை ஏறின. எம். கந்தசாமி முதலியார் மேனகாவை நாடகமாக்க, டி. கே. எஸ். சகோதரர்கள் அதனை ஊர் ஊராக நடித்தனர். 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் அது பேசும் படமாயிற்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் திரையில் முதன்முதல் மக்களுக்குத் தோன்றியது அப்படத்தில்தான். வடுவூரார் 1942இல் காலமானார். எட்டாண்டு கழித்து, 1950இல், சேலம் மாடர்ன் தியேட்டர்சார் திகம்பர சாமியாரைப் படமாக்கினர். பிற்காலத்தில் வில்லன் என்று தமிழகமே அஞ்சிய எம். என். நம்பியார் அதில் சாமியாராக நடித்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேடங்கள் புனைந்து குற்றவாளியைத் துரத்தினார். அக்கதையை ஆக்கியவர் வடுவூரார் என்று அறியாமலேயே பலர் நம்பியாரைப் பார்த்துக் கை தட்டினர்.