‘எம்டன்’ பேசாமல் அமர்ந்த இருக்கை: மக்களவைத் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார்

புது தில்லி: அன்னிய ஆட்சியின் அமைச்சர்களைக் கேள்விகளால் திணறடித்துப் பெயர் பெற்றவர், சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்தில் பேசாமல் அமர வேண்டிய பொறுப்பை ஏற்றார். தமது சொந்த மாவட்டத்தின் எல்லை மாற்றப்பட்டபோதும் அந்த மௌனத்தைக் காக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர், மக்களவையின் இரண்டாவது தலைவரான மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார்.

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891 பிப்ரவரி 4-ம் தேதி பிறந்தார் அய்யங்கார். திருப்பதியில் பள்ளிப் படிப்பையும், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டப் படிப்பையும், சென்னை சட்டக் கல்லூரியில் சட்டப் படிப்பையும் முடித்தார். சில காலம் கணித ஆசிரியராகப் பணியாற்றிய பின் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஓராண்டு காலம் நீதிமன்றத்துக்குச் செல்வதை நிறுத்தி வைத்தார்.

மத்திய சட்டசபைக்கு 1934-ல் நடந்த தேர்தலில் வெற்றி பெற்று தில்லிக்கு வந்தார். காங்கிரஸ் குழுவுக்கு புலாபாய் தேசாய் தலைவராகவும், தீரர் சத்தியமூர்த்தி துணைத் தலைவராகவும் இருந்த காலம் அது. துணைக் கேள்விகளைச் சரமாரியாகத் தொடுத்த அய்யங்காருக்கு ‘எம்டன்’ என்ற பட்டப்பெயர் வந்தது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. தனிநபர் சத்தியாகிரகத்திலும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் பங்கேற்றுச் சிறை சென்றார்.

1952 தேர்தல்

சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் அரசியல் நிர்ணய சபையின் சட்டமியற்றும் பிரிவுக்குத் துணைத் தலைவரானார். முதல் பொதுத் தேர்தலில் திருப்பதி தொகுதியில் போட்டியிட்டார். திருப்பதி, ஏர்பேடு, காளஹஸ்தி ஆகிய ஊர்கள் அடங்கிய சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்தத் தேர்தல் சென்னை மாகாணக் காங்கிரஸுக்குச் சாதகமாக இல்லை. 375 இடங்கள் கொண்ட சட்டப்பேரவையில் அக்கட்சிக்கு 152 இடங்களே கிடைத்தன. அமைச்சர்கள் பலர் தோற்றனர். அத்தகைய சூழலிலும் அய்யங்கார் வென்று மக்களவையின் துணைத் தலைவரானார்.

அரசின் செலவினங்களை ஆராய 1950-ல் அமைக்கப்பட்ட மதிப்பீட்டுக் குழுவுக்கும் அவரே தலைமை வகித்தார். அமைச்சகங்களிடம் கணக்குக் கேட்கும் பழைய வேலை, குழு அறையில் அவருக்குத் தொடர்ந்தது. மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மவலங்கர் 1956 பிப்ரவரி 27-ல் காலமானதை அடுத்து, மார்ச் 8-ல் அய்யங்கார் அவைத் தலைவரானார். 1957-ல் சித்தூர் தொகுதியிலிருந்து வென்று, மீண்டும் அதே பதவிக்குத் தேர்வு பெற்றார்.

இரண்டாவது மக்களவையில் காங்கிரஸுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான பலம் இருந்தது. ஆயினும் 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தை ஆளும் கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி எழுப்பியபோது, அதற்கு அவையில் இடம் கிடைத்தது. நீதிபதி சாக்ளா ஆணையம் விசாரித்தது. சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

எல்லை மாறியபோது

அவைத் தலைவர் விவாதத்தில் பங்கேற்பதில்லை. வாக்குகள் சமமாகப் பிரியும்போது மட்டுமே வாக்களிக்கலாம். இந்த மரபின் கடுமையை 1959-ல் வந்த ஆந்திரப் பிரதேச, சென்னை மாநில எல்லை மாற்ற மசோதா உணர்த்தியது. வேங்கடம் வரை தமிழகத்துக்கே உரியது என்று ம.பொ.சிவஞானம் நடத்திய போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரையின்படி கொண்டுவரப்பட்ட மசோதா அது. சித்தூர் மாவட்டத்தின் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. பதிலுக்கு செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துடன் சேர்ந்தன. 1960 ஏப்ரல் 1-ல் இது நடைமுறைக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நீடித்தது. சித்தூர் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தனுப்பிய உறுப்பினர், அவர்களது மாவட்டத்தின் எல்லை பற்றி அவையில் எந்தப் பக்கமும் பேச இயலாத இருக்கையில் இருந்தார்.

நாடாளுமன்ற வரலாற்றின் முதல் கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே. வரதட்சிணைத் தடுப்பு மசோதாவில் இரு அவைகளும் உடன்படாததால் 1961 மே 6, 9 தேதிகளில் அக்கூட்டம் நடந்தது. அதன் பிறகு 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே அத்தகைய கூட்டம் தேவைப்பட்டது.

அவர் காலத்தின் நடவடிக்கைகளில் பத்திரிகையாளர்களால் இன்றும் நினைவுகூரப்படுவது, ‘பிளிட்ஸ்’ வார இதழ் மீதான உரிமை மீறல் வழக்கு. ஆச்சார்ய கிருபளானி பற்றிய கட்டுரைக்காக, அதன் ஆசிரியர் ஆர்.கே. கரஞ்சியா 1961 ஆகஸ்ட் 29-ல் அவைக்கு வரவழைக்கப்பட்டு, அவைத் தலைவரால் கண்டிக்கப்பட்டார். கேள்வி கேட்டே வளர்ந்த ஒருவர் பத்திரிகை ஆசிரியரைக் கூண்டில் நிறுத்திக் கண்டித்த அந்த நாள், அவை உரிமைக்கும் எழுத்துரிமைக்கும் இடையிலான எல்லை எது என்ற வினாவை விட்டுச் சென்றது.

மாவட்டத்தின் ஒரு பகுதி கைமாறிய பின் வந்த 1962 தேர்தலிலும் சித்தூர் வாக்காளர்கள் அய்யங்காரைக் கைவிடவில்லை. ஆனால் அந்த ஆண்டு மே மாதமே அவர் பிகார் ஆளுநராக நியமிக்கப்பட்டார். 1967 தேர்தலில் அம்மாநிலத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தபோது, மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு பதவியேற்றது அவர் ஆளுநராக இருந்த காலத்தில்தான். அதே ஆண்டு டிசம்பரில் பதவிக் காலம் முடிந்து திருப்பதி திரும்பினார். 1978 மார்ச் 19-ல், 87-ம் வயதில் காலமானார்.

திருத்தணி இன்று தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 2022-ல் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில், ஐ.ஐ.டி. அமைந்துள்ள ஏர்பேடு உள்ளது. எல்லைகள் பலமுறை மாறிவிட்டன. அவைத் தலைவர் இருக்கையில் அமர்பவர் தமது தொகுதிக்காக விவாதத்தில் பேசுவதில்லை என்ற மரபு மட்டும் மாறவில்லை.