மண்ணை மண்ணாகவே ஆராய்ந்த வினோகிராட்ஸ்கி

நுண்ணங்கிகள் என்றதும் நோய்களே எமது நினைவுக்கு வருகின்றன. பாஸ்டர், கொக் ஆகியோரின் புகழும் பெரும்பாலும் நோய்களை வென்ற புகழே. அதே காலத்தில் மண்ணிலும் சேற்றிலும் கழிவுநீரிலும் வாழும் நுண்ணங்கிகளைத் தேடிச் சென்றவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. நைதரசன் வட்டத்தைப் பாடசாலையில் கற்கும் எமது மாணவர்கள், அதன் முக்கிய கண்ணியொன்றை விளக்கிய இம்மனிதரைப் பற்றி அதிகம் அறிவதில்லை.

1856 ஆம் ஆண்டு கீவ் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த அவர், முதலில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பியானோ பயின்றார். பின்னர் இசையை விட்டு, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானத்தை நாடினார். 1885 இல், அன்று ஜேர்மனியின் ஆளுகையிலிருந்த ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் தாவரவியலாளர் அன்ரன் டி பாரியிடம் சேர்ந்தார். கந்தக ஊற்றுகளில் இழைகளாக வளரும் பெஜியட்டோவா என்ற பக்டீரியாவை நுணுக்குக்காட்டியின் கீழ் நாட்கணக்கில் அவதானித்தார். ஐதரசன் சல்பைட்டு கிடைத்தபோது இழைகளினுள் கந்தக மணிகள் நிறைந்தன. கிடைக்காதபோது அவை மறைந்தன. அசேதனப் பொருளை ஒட்சியேற்றிச் சக்தி பெறும் உயிரும் உண்டென்ற முடிவுக்கு 1887 இல் அவர் வந்தார்.

அவரது பெரும் சாதனை அதன் பின்னர் சூரிச்சில் நிகழ்ந்தது. எருவிலும் கழிவிலும் உள்ள அமோனியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுவதை விவசாய இரசாயனவியலாளர்கள் அறிந்திருந்தனர். 1877 இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷ்லோசிங்கும் முண்ட்ஸும் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாயினூடாகச் செலுத்தி இம்மாற்றத்தைக் கண்டனர். குளோரபோம் சேர்த்தபோது அது நின்றது. எனவே இது உயிர்களின் வேலை என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்த உயிரை எவராலும் பிரித்தெடுக்க முடியவில்லை. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் வரிங்ரன் பல ஆண்டுகள் முயன்றும் பலன் கிட்டவில்லை.

காரணம் விசித்திரமானது. ஆய்வாளர்கள் பக்டீரியாவுக்கு ஜெலற்றினும் இறைச்சிச் சாறும் ஊட்டினர். அந்த விருந்தில் வேறு பக்டீரியாக்களே கொழுத்தன, தேடப்பட்டவை வளரவேயில்லை. வினோகிராட்ஸ்கி விருந்தை அகற்றினார். சேதனப் பொருள் அறவே அற்ற உப்புநீரிலும், பின்னர் சிலிக்கா ஜெல்லிலும் அமோனியாவை மாத்திரம் கொடுத்து அவற்றை வளர்த்தார். அமோனியாவை நைத்திரைற்றாக்குவது ஒரு கூட்டம், நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குவது வேறொரு கூட்டம் என்றும், அமோனியாவை ஒட்சியேற்றும் இவை காபனீரொட்சைட்டிலிருந்தே தமது உடலைக் கட்டியெழுப்புகின்றன என்றும் அவர் காட்டினார். சூரிய ஒளியின்றியும் உயிர் தன்னைத் தானே போஷிக்கலாம் என்பது அக்காலத்தில் பலருக்கு நம்பமுடியாததாகவே இருந்தது.

இன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அமோனியா அகற்றப்படுவது பெருமளவில் இத்தகைய நுண்ணங்கிகளாலேயே. அவற்றின் வேலை எப்போதும் எமக்கு நன்மையாகவே முடிவதுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுவதற்கு உரங்களும் மலக்குழிகளும் காரணமாகின்றன. அங்கும் அமோனியாவை நைத்திரேற்றாக்குபவை இவைதாம்.

1891 இல் அவர் ருஷ்யா திரும்பி, சென் பீற்றர்ஸ்பேர்க்கின் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் பிரிவுத் தலைவரானார். வளியிலுள்ள நைதரசனை மண்ணில் நிலைநிறுத்தும் கிளொஸ்ரீடியம் பாஸ்டியூரியானம் அங்கு கண்டறியப்பட்டது. பின்னர் நோயுற்று, தமது பண்ணைக்கு ஒதுங்கினார். புரட்சியின் பின்னர் அவர் நாட்டையும் சொத்தையும் இழந்து, பெல்கிறேட்டில் சிறிது காலம் கற்பித்தார். இத்தகைய நிலையில் அவரது விஞ்ஞான வாழ்வு முடிந்ததென்றே எவரும் கருதியிருப்பர்.

ஆனால் 1922 இல், 66 வயதில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் எமில் ரூ அழைக்க, பாரிசுக்கு அண்மையிலுள்ள பிரி-கொம்த்-ரொபேரில் அவர் மீண்டும் ஆய்வைத் தொடங்கினார். மூன்று தசாப்தங்களுக்கு முன்னர் எழுப்பிய கேள்வியையே இன்னும் கூர்மையாக எழுப்பினார்: ஆய்வுகூடக் குடுவையில் கொழுப்பது, மண்ணில் உண்மையாக உழைப்பதற்குச் சமமாகுமா? மண்ணை நேரடியாக நுணுக்குக்காட்டியில் பார்த்து, எப்போதும் அமைதியாக வாழும் நுண்ணங்கிகளையும், புதிய உணவு வந்ததும் பெருகிப் பின் ஒடுங்குபவற்றையும் வேறுபடுத்தினார். நாம் அறிந்தவரை இந்த இரண்டாம் வாழ்வே முதல் வாழ்வைவிட வியப்புக்குரியது.

இரு கட்டங்களுக்கும் இரு கூட்டங்கள் என்ற அவரது முடிவுக்கு விதிவிலக்கும் உண்டு. நைத்திரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்த பக்டீரியாக்கள் சில இரண்டையும் தாமே செய்வதாக 2015 இல் அறியப்பட்டது. தமது அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து மண்ணின் நுண்ணுயிரியல் பற்றிய பெருநூலை 1949 இல் வெளியிட்ட வினோகிராட்ஸ்கி, 1953 பெப்ரவரியில் 96 ஆவது வயதில் பிரி-கொம்த்-ரொபேரிலேயே காலமானார்.