கெமிஸ்தத்தைக் கண்டு சிரித்த ஹுனைன்

விஞ்ஞானத்தைத் தமிழில் படித்து என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் டொக்டர் சாமுவேல் கிறீனைத்தான் காட்டுவேன். எங்கள் உடுவிலிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலுள்ள மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி அவர். 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல்கள் வந்தன. 1873இல் அமெரிக்கா திரும்பியும் வேலையை விடவில்லை. கெமிஸ்தம் 1875இல் வெளிவந்தது. 1884இல் இறந்தார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் கலேனின் மருத்துவ நூல்களை அரபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் கிறிஸ்தவர்தான். கற்பனையில் இருவரையும் என் வகுப்புக்குக் கூட்டி வருவேன். கெமிஸ்தம் என்ற பெயரைப் பார்த்ததும் ஹுனைன் சிரிக்கிறார்: அரபியரின் அல்-கீமியா ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஓர் 'அம்' வால் முளைத்து நிற்கிறதே! பிறகு, அடுத்த பாடத்துக்குச் சொல் தேட இருவரும் என் மேசையடியில் உட்காருகிறார்கள்.