டி.வி.எஸ்.ஸும் சக்கரக் கணக்கும்

டி.வி.எஸ். இந்த மூன்றெழுத்தை அறியாதவர் நம் கல்லூரியில் ஒருவரும் இருக்க முடியாது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பாருங்கள், இரண்டு மூன்றிலாவது அந்த எழுத்து இருக்கும். வயல் வரப்பில் புல்லுக்கட்டு ஏற்றிப் போகும் மொபெட்டிலும் இருக்கும். ஆனால் அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யார், எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார் என்று கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவோம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் என்ற அந்தப் பெரியவரின் வாழ்க்கையை நண்பர்களுக்குச் சொல்லவே இந்தச் சிறு கட்டுரை. ஆட்டோமொபைல் படிக்கும் மாணவி என்பதால் கியர், டயர் கணக்கையும் கூடவே சேர்த்துக்கொள்கிறேன். அவர் வாழ்க்கையே சக்கரத்தின் மேல் ஓடியதுதானே!

வேலையை விட்டவர்

சுந்தரம் அய்யங்கார் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வக்கீல் தொழிலில் நுழைந்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன்பின் வங்கியில். அந்தக் காலத்தில் இதில் ஒன்று கிடைத்தாலே ஊரே மெச்சும். அவரோ மூன்றையும் விட்டுவிட்டு 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். முப்பத்து நான்கு வயது, குடும்பஸ்தர். இயந்திரப் படிப்பு படித்தவரும் அல்ல. மோட்டார் வண்டியைப் பார்த்தால் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடி வந்து வேடிக்கை பார்த்த காலம் அது.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. அவருடைய பஸ் தொடக்க காலத்தில் ஓடிய பாதை நம் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பாதை. பிறகுதான் மதுரை அவருக்குத் தலைமையிடம் ஆயிற்று. அவர் பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. மாட்டு லாடம், குதிரை லாடத்திலிருந்து விழும் ஆணி டயரைக் குத்திவிடக் கூடாது என்று, காந்தம் கட்டிய வண்டியை விட்டு ரோட்டிலுள்ள ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்றும் சொல்கிறார்கள். நேரம் தவறாமல் வண்டி ஓட வேண்டுமானால் கவனம் டயரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ஒரு சுற்றுக்கு எத்தனை அடி?

இங்கே கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

வண்டி எவ்வளவு வேகத்தில் போனால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்? இதை முடிவு செய்வது மூன்று. ஒன்று, டயரின் சுற்றளவு. இரண்டு, பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன், பினியன் பல் கணக்கு. மூன்று, கியர் பெட்டியில் நாம் போட்டிருக்கும் கியர்.

அந்தக் காலத்து வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை செய்த மாடல் டி காரில் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 40 பல். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 3.64 சுற்று சுற்ற வேண்டும். டாப் கியரில் எஞ்சின் சுற்று அப்படியே பினியனுக்குப் போய்விடும். டயரின் விட்டம் 30 அங்குலம், சுற்றளவு சுமார் 2.4 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 667 மீட்டர். சக்கரம் 278 சுற்று. 3.64-ஆல் பெருக்கினால் எஞ்சின் சுமார் 1,010 சுற்று. அவ்வளவுதான் கணக்கு! டயர் பெரிதானால் எஞ்சின் சுற்று குறையும். கிரவுனில் பல் கூடினால் எஞ்சின் சுற்று கூடும். கீழ் கியர் போட்டால் இன்னும் கூடும்.

கரி வாயுவில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப் போர் (1939–45) வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ் முதலாளிகள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது சுந்தரம் அய்யங்கார் கொண்டுவந்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். கரியைப் போதாத காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். நம் தாத்தா பாட்டிகள் கரி பஸ் என்று சொல்வது இந்த மாதிரி வண்டியைத்தான்.

ஆனால் சும்மா கிடைக்குமா? கரி வாயுவில் சக்தி குறைவு. பெட்ரோலில் ஓடிய அதே எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு இழுவையாவது இழந்துவிடும், சில சமயம் பாதிகூட. இழுவை மூன்றில் இரண்டாகக் குறைந்தால், சக்கரத்தில் பழைய இழுவை கிடைக்கப் பல் விகிதம் ஒன்றரை மடங்காக வேண்டும். டாப் கியரில் 1,000 சுற்றில் ஏறிய மேட்டில் கீழ் கியரில் 1,500 சுற்று வேண்டும், இல்லையென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கரி பஸ் மேட்டில் முக்கி முனகிப் போனதற்குக் காரணம் இதுதான். நிற்காமல் போனதே, அதுதான் பெரிது.

தேய்ந்த டயரும் புது பட்டனும்

அவர் தொடங்கிய இன்னொரு தொழில் டயர் ரீட்ரெட் செய்யும் தொழிற்சாலை. பட்டன் தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவது. இது சிக்கனம் மட்டுமா? இல்லை. டயர் தேயும்போது விட்டமும் குறைகிறது. 8 மில்லிமீட்டர் பட்டன் தேய்ந்தால் விட்டத்தில் 16 மில்லிமீட்டர் போச்சு. நம் ஊர் பிக்கப் வண்டிகளில் பார்க்கும் 215/75 ஆர் 15 டயருக்கு இது நூற்றுக்கு 2.3 பங்கு. சக்கரம் அதிகமாகச் சுற்றுகிறது, எஞ்சினும் அதிகமாகச் சுற்றுகிறது, மீட்டரில் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 98 கிலோமீட்டர்தான் போயிருக்கும். பஸ், லாரியில் பின்னால் ஜோடி டயர். அதில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் இரண்டும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும், ஆனால் ஒரே தூரம் போக முடியாது. ஒன்று ரோட்டில் இழுபட்டுத் தேய்ந்தே தீரும். விட்டம் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எங்கள் வீட்டு வண்டி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பிக்கப் வண்டியில் வாழை இலையும் காய்கறியும் ஏற்றித் தஞ்சாவூர், திருச்சி போகிறவர். வண்டிக்குத் தவணை கட்டுகிறோம். பொண்ணுக்கு வண்டிப் படிப்பு எதுக்கு என்று உறவில் கேட்டவர்கள் உண்டு.

போன வருஷம் டயர் மாற்ற வேண்டி வந்தது. ஒரு சைஸ் பெரிசா 235/75 ஆர் 15 போடுங்க, பைபாஸில் எஞ்சின் சத்தம் குறையும், டீசல் மிச்சம் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் நோட்டை எடுத்தேன். 215/75 டயரின் விட்டம் 703 மில்லிமீட்டர், 235/75 டயருக்கு 733. ஆக்ஸில் விகிதம் 4.1, ஐந்தாவது கியர் 0.8 என்று வைத்துக்கொண்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் பழைய டயருக்கு 1,980 சுற்று, பெரிய டயருக்கு 1,900. குறைவது 80 சுற்று, நூற்றுக்கு நான்கு. அப்பா ஏட்டுக் கணக்கை உடனே நம்பவில்லை. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, லோடோடு வண்டியை ஒரு சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்தார். கணக்குப்படி 2.21 மீட்டர் வர வேண்டும், வந்தது 2.15. பாரம் ஏறினால் டயர் அமுங்கும், அதுதான் வித்தியாசம். கணக்கை மறுபடி போட்டால் 2,030 சுற்று வந்தது. பைபாஸில் முள்ளும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது.

அடுத்து அப்பா கேட்டது நான் எதிர்பாராத கேள்வி. சுற்று குறைஞ்சா மேம்பாலம் ஏறும்போது இழுவை என்ன ஆகும்? அதுவும் அதே நான்கு பங்கு குறையும் என்றேன். லோடு வண்டி அடிக்கடி நாலாவது கியருக்கு இறங்க வேண்டிவரும், அங்கே டீசல் மிச்சம் எங்கே? மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும், அது வேறு ஆபத்து. காலி வண்டி நேர் ரோட்டில் போனால் கொஞ்சம் லாபம் உண்டு, பாரம் ஏற்றுகிறவருக்கு அது உறுதியில்லை. அப்பா பழைய சைஸே போட்டார். அன்றிலிருந்து வண்டி விஷயம் எதுவானாலும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்.

மகளைப் படிக்க வைத்தவர்

சுந்தரம் அய்யங்கார் வாழ்க்கையில் என்னை அதிகம் தொட்டது பஸ் இல்லை. அவருடைய மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்காரவைப்பதுதான் வழக்கம். அவரோ மகளை டெல்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தார். லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரான அந்த அம்மையார்தான் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். புதிய சாலையில் பஸ் விடத் துணிந்தவருக்கு மகளுக்குப் புதிய பாதை காட்டவும் துணிவு இருந்தது.

1954-ல் அவர் மகன் சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், தவணையில் வண்டி வாங்க வழி செய்தது. அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ல், சுந்தரம் அய்யங்கார் காலமானார். 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆனபோது மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் கழகத்துக்குப் போயின. அதே ஆண்டு நம் கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன் பஸ்கள் சோழன் கழகம் ஆயின. நாம் தினமும் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸின் சரித்திரமும் இதுதான்.

நண்பர்களே, தோழிகளே! இயந்திரம் படிக்காத ஒருவர் இத்தனை செய்தார். படித்த நாம் என்ன செய்யப் போகிறோம்? கார் கம்பெனியில் வேலை கிடைத்தால் நல்லது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிற்கும் வண்டியின் டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஒரு சாக்பீஸ், ஒரு டேப், ஒரு நோட்டு போதும். கணக்குப் போட்டு அந்த வண்டிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். நம் புத்தகத்தில் இல்லாத பாடம் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கும்.