அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் வைபவமும் ஸ்வாபதேசப் பொருளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆழ்வார் நாரையையும் குயிலையும் தூது விடுகிறார். தலைமகளாய் நின்று அழுகிறார், தாயாய் நின்று பதறுகிறார், தோழியாய் நின்று தடுக்கிறார். இவற்றைச் செவியுறும் அந்நியர் சிலர், பரமஞானியான ஒருவர் ஏன் இப்படிப் பேசவேண்டும் என்று வினவுவதுண்டு. நம்மவரிலும் சிலர், இப்பாசுரங்களுக்கு வெளிப்பொருள் சொல்லக் கூசி, உள்ளுறைப் பொருளை மட்டும் அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் ஒருசேர விடையாக அமைந்த கிரந்தம் ஆசார்ய ஹ்ருதயம். அதை அருளிச்செய்த அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் வைபவத்தை இவ்விதழில் அநுஸந்திக்கிறோம்.

நாயனாரின் திருத்தகப்பனார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. நம்பிள்ளையின் திருவடிகளிலே ஆச்ரயித்து, பகலில் கேட்ட திருவாய்மொழிப் பொருளை இரவில் ஏடுபடுத்தி, ஈடு 36000 படி என்னும் பெருநிதி நமக்குக் கிடைக்கக் காரணமானவர் இவரே. இல்லறத்தில் இருந்தும் விரக்தராய் வாழ்ந்த இவருக்கு நம்பிள்ளையின் அநுக்ரஹத்தால் ஐப்பசித் திருவோணத்தில் ஒரு குமாரர் திருவவதரித்தார். ஆசார்யனிடம் கொண்ட நன்றியால், நம்பிள்ளையின் விருதுப்பெயரான லோகாசார்யர் என்பதையே குழந்தைக்குச் சாற்றினார். நம்பிள்ளையோ நம்பெருமாளின் திருநாமமான அழகிய மணவாளன் என்பதைச் சாற்றவேண்டும் என்று திருவுள்ளம் பற்றியிருந்தாராம். அந்தத் திருவுள்ளம் வீண்போகாதபடி மார்கழி அவிட்டத்தில் பிறந்த இளைய குமாரருக்கு அத்திருநாமம் சாற்றப்பட்டது. அவரே நம் நாயனார். மூத்தவருக்கு ஆசார்யன் பெயரும் இளையவருக்கு அரங்கன் பெயரும் வாய்த்தன. திருவரங்கத்திலே இருவரும் ராம லக்ஷ்மணரைப்போல் ஒன்றாய் வளர்ந்தனர் என்று பெரியோர் சொல்வர். இருவரும் இல்லறம் புகாமல் நைஷ்டிக ப்ரஹ்மசாரிகளாகவே வாழ்ந்து, ஸம்ப்ரதாயத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டனர்.

பிள்ளை லோகாசார்யர், பரம்பரையாகச் செவிவழி வந்த ரஹஸ்யார்த்தங்களை எல்லோரும் அறியும்படி எளிய மணிப்ரவாளத்திலே ரஹஸ்ய கிரந்தங்களாக்கினார். அவற்றில் தலையானது ஸ்ரீவசந பூஷணம். அது ஸம்ப்ரதாயத்துக்கு மாறானது என்று பொறாமையுடையார் சிலர் நம்பெருமாள் ஸந்நிதியிலே முறையிட்டனர் என்றும், தமையனார் நீராடச் சென்றிருந்த அவ்வேளையில் தம்பியே சென்று, ஆழ்வார் திருவுள்ளத்தைக் கொண்டே ஸமாதானம் செய்தார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. நிகழ்ச்சியின் நுட்பங்கள் எப்படியிருப்பினும், அதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. தமையனார் பூர்வாசார்யர்களின் ஸ்ரீஸூக்திகளைக் கோத்து ஒரு பூஷணம் செய்தார். தம்பியார் அந்த ஸ்ரீஸூக்திகளுக்கும் ஊற்றான நம்மாழ்வாரின் திருவுள்ளத்தையே திறந்து காட்டினார். ஆசார்ய ஹ்ருதயம் என்னும் பெயரில் ஆசார்யன் என்றது நம்மாழ்வாரை.

இந்நூல் நான்கு பிரகரணங்களும் 234 சூர்ணிகைகளும் கொண்டது. முதன்முறை வாசிப்பார்க்கு இதன் நடை மலைப்பூட்டும். பல சூர்ணிகைகள் ஆழ்வாரின் சொற்களாலேயே தொடுக்கப்பட்டவை. இரண்டு சொல் ஒரு பாசுரத்திலிருந்தும், அடுத்த ஒரு சொல் நூறு பாட்டுக்கு அப்பாலிருந்தும் வந்து நிற்கும். அருளிச்செயல் நெஞ்சில் தங்கியிருப்பவர்க்கு அந்த இரண்டு சொல்லே முழுப் பாசுரத்தையும், பாசுரம் அந்தத் திருவாய்மொழியையும், திருவாய்மொழி ஆழ்வாரின் அப்போதைய நிலையையும் கொண்டுவந்து நிறுத்தும். அறியாதவர்க்கோ அது வெறுஞ்சொல். ஆக, உள்ளுறைப் பொருளை விளக்கவந்த நூலின் சொற்களே குறிப்புகளாய் அமைந்துவிட்டன.

இனி, ஸ்வாபதேசம் என்பது என்ன என்று நோக்குவோம். தலைமகள், பிரிவு, பறவை, கடற்கரைச் சோலை எனப் பாட்டின் மேலே தோன்றும் பேச்சு அந்யாபதேசம். அதன் உள்ளே ஆழ்வார் தம் ஆத்மாவின் நிலையைச் சொல்லும் பேச்சு ஸ்வாபதேசம். திருவாய்மொழியின் 100 திருவாய்மொழிகளில் 27 பெண் பேச்சாக அமைந்தவை. அவற்றில் 17 மகள் வார்த்தை, 7 தாயார் வார்த்தை, 3 தோழி வார்த்தை. ஞானம் தலையெடுத்து நிற்கும்போது ஆழ்வார் தாமான தன்மையிலே பேசுகிறார் என்றும், ப்ரேமம் கரைபுரளும்போது அந்தப் பேச்சே பெண்மொழியாகிறது என்றும் நாயனார் வகுத்தார். ஆகவே இது ஆழ்வார் பூண்ட வேடமன்று. வேதாந்தம் விதித்த பக்தியே ச்ருங்காரமாய்ப் பரிணமித்தது என்பது நம் பூர்வர்களின் கொள்கை.

நாயனாரின் நுண்மை முழுதும் வெளிப்படும் இடம் இதற்கு அடுத்தது. தோழி, தாயார், மகள் என்ற மூவரும் மூன்று பெண்களல்லர். ஓர் ஆழ்வாரின் அறிவு கொள்ளும் மூன்று அவஸ்தைகள். எம்பெருமானோடு உள்ள ஸம்பந்தத்தை உணர்ந்த நிலை தோழி. அவனே உபாயம் என்று துணிந்த நிலை தாயார். பலனாகிய அவனை அடையாமல் ஒரு கணமும் தரியாத பதற்றம் மகள். இம்மூன்றும் திருவஷ்டாக்ஷரத்தின் மூன்று பதங்களோடு பொருந்தும்: ப்ரணவம், நமஸ், நாராயண பதம்.

இது வலிந்து ஏற்றிய பொருளோ என்று ஐயுறுவார் பாசுரங்களையே பார்க்கலாம். தோழி வார்த்தைகள் மூன்றே. நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் மகளின் நோய்க்குத் தேவதாந்தரங்களைக் கொண்டு வெறியாடிப் பரிகாரம் தேடுவதைத் தோழி தடுக்கிறாள். ஆறாம் பத்தில் தொலைவில்லிமங்கலத்து எம்பெருமானுக்கே இவள் ஆட்பட்டுவிட்டாள், இனி இவள் உங்களுக்கில்லை என்ற கருத்தைத் தாய்மாரிடம் எடுத்துரைக்கிறாள். எட்டாம் பத்தில் வேறு மணம் பேசவந்தபோது, திருப்புலியூர் எம்பெருமானுக்கு முன்னமே உரியவளானவளுக்கு இது தகாது என்று விலக்குகிறாள். மூன்றிலும் தோழியின் பணி ஒன்றே: இவள் பிறருக்கு உரியவளல்லள் என்பதைக் காப்பது. ப்ரணவத்தின் பொருளும் அதுவே அன்றோ! வேறு வேறு காலத்தில், வேறு வேறு திவ்யதேசத்தை நோக்கிப் பாடியவற்றைச் சேர்த்துப் பார்த்தபின்னரே நாயனார் இப்பெயரிட்டார் என்பது இதனால் விளங்கும்.

தாயாரும் அப்படியே. நாயகன் தானே வந்து கைப்பிடிக்கும்வரை பொறுத்திருப்பதே குடிக்குத் தகும் என்பது அவள் துணிவு. மகள் பொறுக்கவில்லை. திருக்கோளூருக்கு அவள் தானே புறப்பட்டுப் போய்விட்டாள் என்று தாய் கலங்கும் திருவாய்மொழியை ஓதும்போது, கலங்குகிறவரும் ஆழ்வார், புறப்பட்டுப் போனவரும் ஆழ்வார் என்பதை நினைக்கவேண்டும். அவனே உபாயம் என்று துணிந்தவர் எதையும் தாமே செய்யலாகாது. அவனிடம் உண்மையான ஆசை கொண்டவரால் சும்மா இருக்கவும் இயலாது. ப்ரபந்நனுடைய நெஞ்சில் ஓயாது நடக்கும் இந்தப் போராட்டத்தை தத்துவமொழியில் சொன்னால் இரண்டு வாக்கியங்களாய் முடிந்துவிடும். வாசற்படியில் ஒரு தாயும், தெருவில் ஒரு மகளுமாய்ச் சொல்லும்போதுதான் அதன் வேதனை நமக்குத் தைக்கிறது.

தூதுக்கு வருவோம். முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியே திருவாய்மொழியில் முதன்முதல் வரும் பெண் பேச்சு. நாரை, குயில், அன்னம், மகன்றில், குருகு, வண்டு, கிளி, பூவை, வாடை என ஒவ்வொன்றையும் அழைத்து, முடிவில் தன் நெஞ்சையே அழைக்கிறாள் தலைமகள். பூவையிடம் பேசும் இடம் மிக உருக்கமானது. தான் உயிர் தரியாள் என்று அறிந்து, இனி உனக்கு உணவூட்டுவாரைத் தேடிக்கொள் என்ற கருத்தில் அதற்கு வழிசொல்கிறாள்.

பறவை ஏன்? பிரிந்தாரைச் சேர்க்கும் ஆசார்யர்களே அவை என்பது ஸ்வாபதேசம். பறவைக்குச் சிறகுகள் இரண்டு: ஒன்று ஞானம், மற்றொன்று அநுஷ்டானம். ஒற்றைச் சிறகால் பறத்தல் இயலாது. இவ்வளவோடு நில்லாமல், பறவைதோறும் அதனதன் இயல்பைக் கொண்டு நாயனார் பொருள் காண்கிறார். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும், சேற்றில் விருப்பம் கொள்ளாது. ஸாராஸார விவேகம் உடையவராய், ஸம்ஸாரச் சேற்றில் பற்றற்றவரான ஆசார்யர்களுக்கு அது அடையாளம். வண்டு தேனன்றி வேறு உண்ணாது. ஆழ்வாரின் மகிழம்பூ மணத்தையே நாடித் திரியும் மதுவ்ரதர்கள் அவர்கள். கிளி, தன்னை வளர்த்தவர் கற்பித்ததையே திரும்பச் சொல்லும். ஆசார்யன் சொன்னதற்கு ஒரு சொல்லும் கூட்டாத சிஷ்யர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் உண்டோ?

இக்காலத்தில் உபந்யாஸங்களில், ஒரு பூவுக்கோ பறவைக்கோ தோன்றியபடியெல்லாம் பொருள் சொல்லி அதை ஸ்வாபதேசம் என்று பெயரிடுவதைக் கேட்கிறோம். நாயனாரின் வழி அதுவன்று. வெளிப்பொருளில் அந்தப் பறவை உண்மையில் அப்படி இருக்கவேண்டும், ஆழ்வார் வாக்கில் அதற்கு இடம் இருக்கவேண்டும், பூர்வாசார்யர்கள் நிர்வாகத்தோடும் அது முரணக்கூடாது. மூன்றும் கூடாத பொருள் எத்தனை இனிமையாய் இருப்பினும் அதை ஏற்பதற்கில்லை என்பதே எம் துணிவு.

தூதும் ஒன்றல்ல, நான்கு. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை கூறியது கூறலாகத் தோன்றலாம். தலைவன் வாராமைக்குத் தலைமகள் எண்ணும் காரணம் நான்கிலும் வேறு என்று நாயனார் காட்டினார். தன் பிழையை நினைத்து வாரானோ என்பது முதற்பத்தின் தூது. அதில் உணர்த்துவது பொறுமையாகிய க்ஷமை, விஷயம் வ்யூஹம். ஆறாம் பத்தின் முதல் தூதில் திருவண்வண்டூரின் செல்வத்திலே ஆழ்ந்து மறந்தானோ என்று எண்ணி, அடியாரைக் காக்கக் கொண்ட தீக்ஷையை நினைப்பூட்டுகிறாள். விஷயம் விபவம். அப்பத்தின் எட்டாவதில் படைத்த உலகப் பரப்பிலே நெஞ்சு சென்றதோ என்று கருதி, ஸாரஸ்யத்தை உணர்த்திப் பரத்வத்துக்கும் அந்தர்யாமித்வத்துக்கும் தூது. ஒன்பதாம் பத்தில் திருமூழிக்களத்து அடியாரோடு கூடி வாழும் இனிமையில் மறந்தானோ என்று எண்ணி, அவன் ஸௌந்தர்யத்தைச் சொல்லி அர்ச்சைக்குத் தூது. திவ்யதேசங்களையும் நாயனார் இவ்வாறே கண்டார். தன் பாதமே சரணாக்கும் ஔதார்யம் வானமாமலையிலும், மாதுர்யம் திருக்குடந்தையிலும் விளங்குவதாக அவர் அருளியபின், ஊர்ப்பெயரும் ஒரு குணத்தின் பெயராய் நம் செவியில் விழுகிறது.

திருப்பாவைக்கு ஆறாயிரப்படி, அமலனாதிபிரானுக்கும் கண்ணிநுண்சிறுத்தாம்புக்கும் வ்யாக்யானங்கள், ரஹஸ்யத்ரயத்தை ஆழ்வார்கள் வாக்காலேயே விளக்கும் அருளிச்செயல் ரஹஸ்யம் ஆகியவையும் நாயனார் அருளிச்செய்தவை. படி என்பது 32 எழுத்து கொண்ட அளவு. ஆறாயிரப்படி ஒன்றே ஏறத்தாழ 1,92,000 எழுத்தாகும். அவற்றைத் தனியே அநுபவிக்கவேண்டும்.

நாயனார் தமையனாருக்கு முன்னரே திருநாட்டுக்கு எழுந்தருளினார். தம்பியின் திருமுடியைத் தம் மடியிலே வைத்துக்கொண்டு, திருமந்திரப் பொருளையும் ஆழ்வார் திருவுள்ளத்தையும் இனி எடுத்துரைப்பார் யார் என்று பிள்ளை லோகாசார்யர் கலங்கினார் என்பர். ஸ்ரீவசந பூஷணத்தில் அத்தனை உறுதியாகப் பேசியவர், உடன்பிறந்தவரை இழந்தபோது ஸாமாந்யர்போல் அழுதார். தில்லிப் படையெடுப்பால் 1323-இல் திருவரங்கம் கலங்கியபோது, முதிர்ந்த பிராயத்திலும் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்ற அவர், ஜ்யோதிஷ்குடியிலே திருநாட்டை அலங்கரித்தார்.

கலக்கம் தீர்ந்து திருவரங்கம் மீண்டும் தழைத்த காலத்தில் எழுந்தருளியிருந்த மணவாள மாமுனிகள், ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வ்யாக்யானம் அருளிச்செய்தார். ஒவ்வொரு சொல்லும் எப்பாசுரத்திலிருந்து வந்தது என்று அதில் எடுத்துக் காட்டியருளினார். அவ்வ்யாக்யானம் இல்லையேல் அந்தச் சூர்ணிகைகள் இன்று நம்மில் எத்தனை பேருக்குத் திறக்கும் என்று தெரியவில்லை. திருமேனி தளர்ந்த கடைசிக் காலம் அது. அமர முடியாமல் சாய்ந்துகொண்டே அவர் எழுதுவதைக் கண்ட சிஷ்யர்கள், இத்தனை வருத்தம் எதற்கு என்று விண்ணப்பித்தனர். உங்கள் பிள்ளைகளுக்கும் பேரன்மாருக்குமாகவே என்ற பொருளில் மாமுனிகள் அருளிச்செய்து, மீண்டும் ஏட்டை எடுத்துக்கொண்டாராம்.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் திருவடிகளே சரணம்.